மண்புழுப் பெட்டி உங்கள் கிச்சன் குப்பையை முழுசா தின்றுவிடுமா? வாங்கும் முன் ஒரு கணக்கு

‘ஒரு பெட்டி வாங்குங்க, கிச்சன் குப்பையைக் கொட்டுங்க, 45 நாளில் கறுப்புத் தங்கம் ரெடி!’ மாடித்தோட்டம் பற்றி ஒரே ஒரு ரீல்ஸ் பார்த்தால் போதும். அடுத்த பத்து நிமிடத்தில் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் ஃபீடில் வந்து நிற்கும். மூன்றடுக்கு பிளாஸ்டிக் ட்ரே, கீழே ஒரு குழாய், கூடவே கால் கிலோ மண்புழு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போகும். இரண்டாவது மாதம் பால்கனியில் ஒரு மாதிரி வாடை வரும். அப்புறம் கொசு மாதிரி குட்டி ஈக்கள். ஒரு நாள் காலையில் பெட்டியைச் சுற்றித் தரையில் புழுக்கள் காய்ந்து சுருண்டு கிடக்கும். ‘மூணாவது மாடியில என்ன நாத்தம்?’ என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்த பிறகு, பெட்டி மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் கிடக்கும். அவ்ளோதான்.

வீட்டிலேயே மண்புழு உரம் தயாரிப்பது நடக்காத காரியம் இல்லை. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டிலும் நடக்கும். ஆனால் அது மிக்ஸி, வாஷிங் மெஷின் மாதிரி ஒரு மெஷின் கிடையாது. நாய், பூனை, மீன் தொட்டி போல அதுவும் உயிர் வளர்ப்புதான். மீன் தொட்டியில் ஒரே நாளில் ஒரு பாக்கெட் தீனியைக் கொட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும் ஆகிறது.

மண்புழு நிஜமாகவே காய்கறித் தோலைத் தின்கிறதா?

நேரடியாக இல்லை. மண்புழுவுக்குப் பல் கிடையாது. நீங்கள் இன்று காலை போட்ட கேரட் தோலை அது உடனே கடித்துத் தின்னாது. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தத் தோலின் மேல் பெருகி, அதை அழுக வைத்து மெத்தென்று ஆக்க வேண்டும். அந்தக் கூழை நுண்ணுயிர்களோடு சேர்த்து உறிஞ்சுவதுதான் மண்புழுவின் சாப்பாடு. உள்ளே போனதும் கோழிக்கு இருப்பது போன்ற ஓர் அரைவைப் பை இருக்கிறது. புழு விழுங்கிய மண் துகள்கள் அங்கே அம்மிக்கல் வேலையைச் செய்கின்றன. அரைபட்டது குடல் வழியாகப் போய், நுண்ணுயிர்கள் நிறைந்த சின்னச் சின்ன உருண்டைகளாக வெளியே வருகிறது. அந்தக் கழிவைத்தான் நாம் மண்புழு உரம் என்கிறோம்.

மண்புழு வளர்ப்பில் வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை இங்கேயே இருக்கிறது. குப்பை அழுகும் வேகமும் புழு தின்னும் வேகமும் ஒத்துப்போனால் பெட்டியில் நாற்றமே வராது, மழை பெய்த மண்ணின் வாசம்தான் இருக்கும். அழுகல் முந்தினால் பெட்டி குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். சுற்றிலும் தண்ணீர் தேங்கி காற்று போகாவிட்டாலும் அதே கதிதான். உப்பு பட்டால் தோலிலிருந்து நீர் வெளியேறிவிடும். ‘சாம்பார் மிச்சத்தைக் கொட்டாதீங்க’ என்று சொல்வதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அதில் இருக்கும் உப்பும் எண்ணெயும்தான்.

இந்தச் சின்ன உயிரை உட்கார்ந்து கவனித்தவர்களில் பெரிய ஆள் சார்லஸ் டார்வின். 1881-ல் அவர் வெளியிட்ட கடைசிப் புத்தகமே மண்புழுக்களைப் பற்றியதுதான். புழுக்கள் இருந்த தொட்டிகளுக்குப் பக்கத்தில் பியானோ வாசித்துப் பார்த்தார், அவை கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது, அதிர்வை உணர்ந்து சட்டென்று வளைக்குள் போய்விட்டன. அதனால் இடம் இல்லையே என்று பெட்டியை வாஷிங் மெஷின் மேல் வைக்கும் யோசனை இருந்தால், விட்டுவிடுங்கள்.

எல்லா மண்புழுவும் ஒன்றுதானா?

மழை பெய்ததும் செம்மண்ணில் நெளியும் புழு, தூண்டில் போடத் தோண்டி எடுக்கும் புழு என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. அவற்றைப் பிடித்து வந்து பெட்டியில் விட்டால் வேலைக்கு ஆகாது. உரப் பெட்டிக்குத் தேவைப்படுவது தரையின் மேல்மட்டத்தில், இலைச் சருகுக்கும் சாணத்துக்கும் இடையில் வாழும் புழுக்கள்.

சந்தையில் அதிகம் கிடைப்பவை மூன்று. முதலாவது ஆப்பிரிக்கப் புழு எனப்படும் யூட்ரிலஸ் யூஜினியே. பெரியது, தடிமனானது, தமிழ்நாட்டுப் பண்ணைகளில் பரவலாக இருக்கிறது. இரண்டாவது, உலகம் முழுக்கப் பிரபலமான செம்புழு, ஐசீனியா ஃபெட்டிடா. யூடியூபில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இதுதான். 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இதற்குச் சுகம். ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி. சென்னை மே மாதத்தில் பாவம்.

மூன்றாவது நம்ம ஊர்க்காரர், பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். மெலிசாக, வெளிச்சத்தில் நீல நிறம் மினுங்க இருக்கும். வெப்பத்தைச் செம்புழுவைவிட நன்றாகத் தாங்கும். ஒரே குறை, கொஞ்சம் நாடோடி சுபாவம். மழைக்கு முந்தைய இரவுகளில் கூட்டமாகப் பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும் பழக்கம் இதற்கு உண்டு.

வெளிநாட்டு இனங்களைக் கொண்டுவருவதைவிட உள்ளூர்ப் புழுக்களையே பயன்படுத்தலாம் என்பதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியவர், சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில். அவருடைய முறையில் மேல்மட்டத்தில் வாழும் பெரியோனிக்ஸும், மண்ணுக்குள் வளை தோண்டும் லாம்பிட்டோ மௌரிட்டி என்ற உள்ளூர்ப் புழுவும் சேர்ந்து வேலை செய்யும். இரண்டாவதுக்கு அடியில் தடிமனான மண் படுகை வேண்டும். தோட்டமும் இடமும் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. பால்கனிப் பெட்டிக்கு பெரியோனிக்ஸ் அல்லது யூட்ரிலஸ் போதும்.

ஆன்லைனில் ஆர்டர் செய்வதைவிட உள்ளூர் மண்புழு உரப் பண்ணையிலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிப்பது நல்லது. கூரியரில் இரண்டு நாள் வெயிலில் வரும் புழுவில் எத்தனை பிழைக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பண்ணையின் புழு நம்ம ஊர் சூட்டுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். வாங்கும்போது அது வாழ்ந்த பழைய உரத்தையும் சேர்த்து இரண்டு கை அள்ளிக் கேளுங்கள். முட்டைக்கூடுகளும் நுண்ணுயிர்களும் அதில்தான் இருக்கும்.

சரி, ஒரு பெட்டி எவ்வளவு குப்பையைத் தாங்கும்?

விற்பவர்கள் தெளிவாகச் சொல்லாத இடம் இது. ‘மண்புழு தினமும் தன் எடைக்குச் சமமாகச் சாப்பிடும்’ என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பாதி எடை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தொடக்கத்தில் அதுவும் கிடையாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆப்பல்ஹாஃப் என்ற உயிரியல் ஆசிரியை, வீட்டு மண்புழு உரம் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க இதைச் செய்பவர்கள் பயன்படுத்தும் அடிப்படைக் கணக்கு அவருடையதுதான். தினமும் அரை கிலோ குப்பைக்கு ஒரு கிலோ புழு. இடத்துக்கு, வாரம் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் குப்பைக்கு ஒரு சதுர அடி பரப்பு.

இதை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு அரை கிலோ காய்கறிக் கழிவு என்றால் வாரத்துக்கு 3.5 கிலோ. அதற்கு வேண்டியது கிட்டத்தட்ட 8 சதுர அடி. 4 அடி நீளம், 2 அடி அகலம். சின்ன பால்கனியில் இது வாஷிங் மெஷினைவிடப் பெரிய இடம். விளம்பரத்தில் வந்த ட்ரே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருந்தால், ஒரு தட்டின் பரப்பு இரண்டேகால் சதுர அடிதான். இந்தக் கணக்குப்படி வாரம் ஒரு கிலோ. நீங்கள் போடப் போவது மூன்றரை. கூடவே கொடுத்த கால் கிலோ புழுவால் நாளுக்கு 125 கிராமுக்கு மேல் சாப்பிடவும் முடியாது.

மிச்சிகன் குளிர் ஊர், நம்ம ஊர் வெப்பத்தில் அழுகலும் வேகம், புழுவின் பசியும் வேகம் என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனாலும் மூன்று மடங்கு வித்தியாசத்தை வெயில் சரிக்கட்டிவிடாது. பெட்டி நாறுவதற்குக் காரணம் புழுவின் சோம்பல் இல்லை, நாம் வைக்கும் பந்தி பெரியது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அன்றாடக் காய்கறிக் கழிவை நேராகப் புழுவிடம் கொடுக்காமல், முதலில் துளை போட்ட ஒரு பக்கெட்டில் காய்ந்த இலைச் சருகோ தென்னை நார்க் கழிவோ கலந்து சேர்த்துவாருங்கள். பக்கெட் நிறைந்ததும் அப்படியே 15 நாள் விடுங்கள், இடையில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் போதும். இந்தக் கட்டத்தில் சூடு கிளம்பி, தண்ணீர் வற்றி, குப்பை பாதிக்கும் கீழே அமுங்கிவிடும். அந்த அரை மக்கலை எடுத்துப் புழுப் பெட்டியில் போட்டால் அது சாப்பாடு. சிறிய பெட்டியாக இருந்தாலும் சமாளிக்கும். பெரிய பண்ணைகளும் சாணத்தையும் சருகையும் இப்படி முன்கூட்டியே மக்க வைத்துத்தான் புழுவுக்குக் கொடுக்கின்றன.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? மாநகராட்சி வண்டிதான் தினமும் வருதே?

வருகிறது. நீங்கள் போட்டது எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

சென்னையில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 டன் குப்பை சேர்கிறது. பல ஆண்டுகளாக அது போய்க் குவிந்த இடங்கள் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கில் பற்றிய தீ அணைய நாட்கள் ஆயின, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது. அதே ஆண்டு பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஈரக் குப்பை மலையாகக் குவிந்து அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வலுவான வாயு. எளிதில் தீப்பிடிக்கும். அதே வாழைப்பழத் தோல் காற்றோட்டமான பெட்டியில் மக்கினால் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை.

என்னைக் கேட்டால், மீத்தேனைவிடப் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது. நாம் ஒரே கவரில் கட்டிப் போடும் சாம்பார், ஷேவிங் பிளேடு, நாப்கின், பால் பாக்கெட் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கையால் பிரிக்கிறார். கையுறை இருந்தாலும் ஊறிப்போன சோற்றுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் கழிவு என அந்த விதிகளில் மூன்று வகை இருந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயு ஆக்கவோ வேண்டும் என்றும் அதில் இருந்தது. உங்கள் அபார்ட்மென்ட்டில் அது நடக்கிறதா என்று அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.

ஈரக் குப்பையில் பாதி வீட்டிலேயே நின்றால்கூட மீதி கவர் காய்ந்தே இருக்கும். அதைப் பிரிப்பவருக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும்.

பெட்டியை எப்படித் தயார் செய்வது?

விலை கொடுத்து ட்ரே வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வெளிச்சம் ஊடுருவாத, ஓர் அடி ஆழமுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம், இந்தப் புழுக்கள் மேல்மட்டத்தில்தான் சுற்றும். பக்கவாட்டில் மேல் பாகத்தில் காற்றுக்கு, அடியில் தண்ணீர் வடிய, சுண்டுவிரல் நுழையாத அளவில் துளைகள் போடுங்கள். கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி, ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்தது படுக்கை. இதுதான் புழுவின் வீடு. தென்னை நார்க் கழிவு, கிழித்த அட்டைப்பெட்டி, காய்ந்த இலை எதுவும் சரி. ஆன்லைன் ஆர்டரில் வரும் பழுப்பு நிற அட்டை அருமையான பொருள், டேப்பையும் ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். கடையில் கட்டியாக விற்கும் தென்னை நார்க் கழிவில் உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். ஒரு சாண் உயரத்துக்குப் படுக்கை, அதில் இரண்டு கை தோட்டத்து மண், கிடைத்தால் மக்கிய பழைய சாணம். புதுச் சாணம் வேண்டாம், அது சூடு கிளப்பும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த அட்டை சேர்க்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் புழுவை விடுங்கள். முதல் இரண்டு இரவு அந்த இடத்தில் லைட் எரியட்டும். புழுவுக்குக் கண் இல்லையென்றாலும் தோலால் வெளிச்சத்தை உணரும், உள்ளேயே பதுங்கிக்கொள்ளும். புது இடம் பிடிக்காமல் தப்பி ஓடுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். மூன்றாம் நாள் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி உணவைப் புதைத்து, மேலே படுக்கையால் மூடுங்கள். அடுத்த முறை அடுத்த மூலை. முதல் மூலைக்குத் திரும்பி வரும்போது பழையது காணாமல் போயிருந்தால் அளவைக் கூட்டலாம். இருந்தால் அந்த வாரம் பட்டினி போடுங்கள். பெட்டியில் அளவு சொல்லும் மீட்டர் இந்த மூலைதான்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் வேறு நாட்டுச் சமையலறைக்கு எழுதியவை. நம்ம வீட்டுக் குப்பை வேற மாதிரி.

கீரைத் தண்டு, சுரைக்காய், பீர்க்கங்காய்த் தோல், வாழைப்பழத் தோல், தர்பூசணி எல்லாம் புழுவுக்கு விருந்து, பொடியாக நறுக்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம் தீரும். ஃபில்டர் காபிச் சக்கையை அளவாகப் போடலாம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த டீத்தூளை ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். டீ பேக் என்றால் கிழித்துத் தூளை மட்டும், சில பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தூவினால் புளிப்பு மட்டுப்படும்.

புளிச் சக்கை, எலுமிச்சைத் தோல், ஊறுகாய், புளித்துப்போன இட்லி மாவு - நான்குமே புளிப்பு. ஊறுகாயில் உப்பும் அதிகம். வேண்டாம். வெங்காயம், பூண்டுத் தோல் கொஞ்சம் போனால் தப்பில்லை, குவித்தால் புழு அந்தப் பக்கமே வராது. மீன் முள், கறி எலும்பு, தயிர், எண்ணெய்ப் பண்டம் எதுவும் கூடாது, பெருச்சாளிக்கு நீங்களே வெத்தலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி ஆகிவிடும். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் குச்சி, மாங்கொட்டை, சோளக் கதிரின் தண்டு எல்லாம் மக்கும், ஆனால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். தேங்காய்ச் சிரட்டையை நினைக்கவே வேண்டாம். நாய், பூனைக் கழிவு நிச்சயமாகக் கூடாது. இந்தப் பெட்டி கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை.

அதே காரணத்தால் விதைகளும் சாவதில்லை. உரம் போட்ட ரோஜாத் தொட்டியில் திடீரென்று தக்காளிச் செடியும் பூசணியும் முளைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். பலருக்கு மாடித்தோட்டத்தின் முதல் தக்காளி இப்படித்தான் கிடைக்கிறது.

நாற்றம், ஈ, எறும்பு: என்ன செய்வது?

அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். உணவை நிறுத்துங்கள், கிழித்த அட்டையைக் கலந்து மெதுவாகக் கிளறிவிடுங்கள். ஒரு வாரத்தில் சரியாகும். குட்டி ஈக்கள் மொய்ப்பது பழத்தோல் வெளியே தெரிவதால். புதைத்து மூடினால் குறையும். மாம்பழ சீசனில் மட்டும் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும்.

எறும்பு வந்தால் பெட்டி காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளியுங்கள். பெட்டியை நான்கு கிண்ணத் தண்ணீரில் நிற்க வையுங்கள், வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே டெக்னிக். டெங்கு சீசனில் அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட மறக்காதீர்கள்.

ஒரு நாள் திறந்தால் தடித்த, சாம்பல் நிற, தட்டையான புழுக்கள் கூட்டமாக நெளியும். பலரும் அலறியடித்துக்கொண்டு பெட்டியை மூடுவது இந்தக் கட்டத்தில்தான். அவை மண்புழு இல்லை, பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் லார்வா. கடிக்காது, நோய் பரப்பாது. சொல்லப்போனால் மண்புழுவைவிடப் பகாசுரத் தீனிக்காரர்கள். உணவைக் குறைத்து, ஈரத்தையும் குறைத்தால் வளர்ந்து பறந்துவிடும்.

வீட்டுக்குள்ள புழுவா என்று அம்மாவோ ரூம்மேட்டோ முகம் சுளித்தால், அதற்கு என்னிடம் டெக்னிக் இல்லை. நாற்றம் வராத ஒரு மாதம்தான் ஒரே வாதம்.

ஏப்ரல், மே மாதங்களைத் தாண்டுவது எப்படி?

பெட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் எந்த இனமாக இருந்தாலும் ஆபத்து. வெளியே 40 அடிக்கும்போது மேற்குப் பார்த்த பால்கனியில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி என்பது இட்லிப் பானை. அக்னி நட்சத்திரம் முடியும்வரை வீட்டுக்குள் சிங்க்குக்கு அடியிலோ, நிழலான படிக்கட்டு மூலையிலோ வையுங்கள். சாக்கை நாளுக்கு இரண்டு முறை நனைத்தால், ஆவியாகும் நீரே உள்ளே சூட்டைக் குறைக்கும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தானே. ரொம்ப மோசமான நாட்களில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளே ஒரு ஓரமாக வைக்கலாம். உணவைப் பாதியாகக் குறையுங்கள், அழுகல் சூடும் சேர வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு எதிர்ப் பிரச்சினை. சாரல் அடிக்கும் பால்கனி என்றால் பெட்டியை உள்ளே இழுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

உரம் எப்போது கிடைக்கும்?

45 நாள் என்பது ஏற்கெனவே புழு நிறைந்த பண்ணைத் தொட்டிக்கான கணக்கு. புதுப் பெட்டிக்கு மூன்று, நான்கு மாதம் கொடுங்கள். படுக்கை அடையாளம் தெரியாமல் கறுத்து, டீத்தூள் போல உதிரியானதும் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான பக்கத்தில் புதுப் படுக்கை போட்டு அங்கே மட்டும் உணவு வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புழுக்கள் தானாகவே இடம் மாறிவிடும். அவசரம் என்றால் வெளிச்சத்தில் ஒரு ஷீட்டில் கூம்பாகக் குவித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலாக வழித்து எடுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து புழு அடியில் போய்ச் சேரும். எலுமிச்சை விதை அளவில் மஞ்சளாகத் தெரிபவை முட்டைக்கூடுகள், பெட்டிக்கே திருப்பி விடுங்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். மண்புழு உரத்தில் நைட்ரஜன் பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான், யூரியாவில் 46. போட்ட மறுநாள் செடி எகிறாது. மண் பொலபொலப்பாகி, ஈரம் நின்று, நுண்ணுயிர் பெருகுவதுதான் இதன் வேலை. தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். அடித்தட்டில் வடியும் பழுப்பு நீரை வெர்மிவாஷ் என்று பாட்டிலில் அடைக்கிறார்கள். பெரும்பாலும் அது அரைகுறையாக மக்கிய குப்பையின் சாறு. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து அலங்காரச் செடிகளின் வேரில் விடலாம், கீரையின் மேல் தெளிக்க வேண்டாம். அது அடிக்கடி வடிந்தால் பெட்டியில் ஈரம் அதிகம் என்று பொருள்.

ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது?

பொங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்றால் யாரும் வேண்டாம். கிளம்பும் முன் வழக்கமான அளவு உணவு, கை நிறைய ஈர அட்டை, மேலே நனைத்த சாக்கு. புழுக்கள் இரண்டு, மூன்று வாரம் படுக்கையைத் தின்றே சமாளிக்கும். ‘பத்து நாள் வரமாட்டோமே’ என்று பத்து நாள் சாப்பாட்டையும் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதைத்தான் செய்யக்கூடாது.

வேலை மாறி ஊர் மாறினாலோ, ஒத்துவரவில்லை என்று நிறுத்தினாலோ, யூட்ரிலஸ், செம்புழு போன்ற வெளியூர்ப் புழுக்களைப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள், அந்த மண்ணில் ஏற்கெனவே நம்ம ஊர்ப் புழுக்கள் இருக்கின்றன. மாடித்தோட்டக் குழுக்களில் ‘மண்புழு இலவசம்’ என்று ஒரு போஸ்ட் போடுங்கள், சாயங்காலத்துக்குள் யாராவது பக்கெட்டோடு வந்துவிடுவார்கள்.